இருபத்தி மூண்டாம் கேள்வி

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு கேட்ட எங்கட தமிழ்ச் சங்கத்துத் தம்பி, போனை வைக்க முதல் ஒரு பகிடி விட்டார். "அக்கா, அமெரிக்காவின்ர தேர்தலை நீங்கள்தான் நடத்தினனீங்களாம். புழுகாமல் எழுதுங்கோ." சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒன்பது வருசம் ஒரு வேலை செய்திருக்கிறன். அது என்ன வேலை எண்டு மொன்றியலில இருக்கிற எங்கட சனத்துக்கு இண்டைக்கும் வடிவா விளங்கேல்லை. கோயிலில காணுற ஆக்கள் நான் ரெலிபோனில சாமான் வித்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம். ஒரு மனுசி கார்பெட் கழுவ மலிவா ஆள் பிடிச்சுத் தர ஏலுமோ எண்டு கேட்டவ. கண்டறியாத கதை!

நான் ஒண்டும் விக்கேல்லை. அமெரிக்காக்காரரிட்டைக் கேள்வி கேட்டனான். ஆருக்கு வாக்குப் போடப் போறியள், ஜனாதிபதி செய்யிறது பிடிச்சிருக்கோ, நாடு சரியான வழியில போகுதோ, வரியைக் குறைக்கலாமோ, வைத்தியச் செலவை அரசாங்கம் பாக்கவேணுமோ எண்டெல்லாம் கேக்கிறது. தேர்தல் காலத்தில பேப்பரிலயும் ரிவியிலயும் "மக்கள் கருத்து" எண்டு இலக்கங்கள் வருமெல்லோ, அதில ஒரு பங்கு மொன்றியலில ஒரு பழைய உடுப்புத் தொழிற்சாலையின்ர நாலாம் மாடியில இருந்துதான் போனது. அமெரிக்காவில ஆள் வைச்சுக் கேக்கிறதை விட இஞ்ச மலிவு, வேற ஒரு காரணமும் இல்லை. கொம்பனியின்ர பேர் வேண்டாம். அது இப்ப இல்லை.

நான் சேர்ந்தது தொண்ணூற்றொன்பதில. என்ர மனுசன் செத்து அப்ப எட்டு மாசம். மகள் படிச்சு முடிக்கேல்லை. எனக்குப் பிரெஞ்சு நாக்கில ஏறேல்லை, இங்கிலிசு மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு இந்த ஊரில வேலை அருமை. ஆரோ ஒரு பிள்ளை அட்ரஸ் தந்தது, போனன். ஒரு தாளைத் தந்து வாசி எண்டிச்சினம். வாசிச்சன். சுப்பவைசர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திட்டு, "உங்கட குரலில ஒண்டும் இல்லை, நல்லது" எண்டார். அந்த நேரம் எனக்கு அழவே சீவன் இல்லை, குரல் தட்டையாத்தான் வந்தது. அவருக்கு வேண்டினதும் அதுதான். மூண்டு நாள் பயிற்சி, நாலாம் நாள் கதிரையில இருத்திப்போட்டினம்.

அந்த சுப்பவைசரைப் பற்றிச் சொல்லவேணும். ஜெரார் எண்டு பேர், பிரெஞ்சுக்காரர், அறுபதை எட்டின மனுசன். கோடை குளிர் எல்லாத்துக்கும் அதே மண்ணிறக் கம்பளிச் சட்டை. ஒருநாளும் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரியாமல் எங்கட லைனில ஏறி இருந்து கேப்பார். கேட்டுப்போட்டு, ஒரு மஞ்சள் துண்டுக் கடுதாசியைக் கொண்டுவந்து மேசையில வைச்சிட்டுப் போவார். முதல் கிழமை எனக்கு வந்த துண்டில ஒரு வரிதான் இருந்தது: "பதினோராம் கேள்வியில 'ஓகே' எண்டு சொன்னீர்கள்."

எனக்கு விசராப் போச்சு. ஓகே சொன்னதில என்ன குற்றம்? நேராப் போய்க் கேட்டன். அவர் ஆறுதலா, தோடம்பழம் உரிச்சுக்கொண்டே சொன்னார், "மடாம் ராணி, ஓகே எண்டால் அந்தாள் நினைக்கும் தான் சரியாச் சொன்னதெண்டு. அடுத்த கேள்விக்கும் உங்களைச் சந்தோசப்படுத்தத்தான் பதில் சொல்லும். நன்றி எண்டு மட்டும் சொல்லுங்கோ. நல்ல பதிலுக்கும் நன்றி, கெட்ட பதிலுக்கும் அதே நன்றி, அதே சத்தத்தில."

அவர் சும்மா வாயால சொல்லுற ஆள் இல்லை. இந்த மாகாணம் கனடாவில இருந்து பிரியிறதோ இல்லையோ எண்டு வாக்கெடுப்பு நடந்த நேரம் வீட்டுக்கு வீடு அடிபிடி. அந்த மனுசன் எந்தப் பக்கம் போட்டது எண்டு பெண்சாதிக்கே தெரியாதாம். அவவே ஒருக்கா கிறிஸ்மஸ் சாப்பாட்டில எங்களுக்குச் சொல்லி, இவரோட எப்பிடிக் குடும்பம் நடத்துறது எண்டு தலையில கை வைச்சவ.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்லுறன், பேந்து சொல்லப்போறது விளங்கவேணும். நம்பரைக் கொம்பியூட்டர்தான் அடிக்கும். ஆராவது எடுத்தால் உடனை கேள்வி கேக்கிறேல்லை. அந்த வீட்டில பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆக்களில ஆற்றை பிறந்தநாள் கடைசியா வந்ததோ அவரைத்தான் கூப்பிடவேணும். இல்லாட்டில் போனுக்குப் பக்கத்தில இருக்கிற கிழடுகளின்ர கருத்து மட்டும்தான் நாட்டின்ர கருத்தாப் போகும் எண்டு ஜெரார் சொல்லுவார். இரண்டு வேட்பாளரின்ர பேரையும் ஒரு ஆளுக்கு முன்பின்னா, மற்ற ஆளுக்குப் பின்முன்னா வாசிக்கவேணும். தெரியாது எண்டு சொன்னால் மூச்சு விடாமல் நாலு எண்ணி, கேள்வியைத் திருப்பி வாசிக்கவேணும். சொந்தச் சொல்லில பதில் சொன்னால் ஒரு எழுத்தும் மாத்தாமல் அடிக்கவேணும், தூசணம் எண்டாலும் அப்பிடியே. நான் கோயிலுக்குப் போற பொம்பிளை, என்னென்ன சொல்லெல்லாம் அடிச்சிருக்கிறன் தெரியுமோ!

எல்லாத்துக்கும் மேல ஒரு விதி. எங்களைப் பற்றி ஒண்டும் சொல்லக்கூடாது. எங்க இருந்து எடுக்கிறாய் எண்டால் உண்மையைச் சொல்லலாம். அதுக்கு மேல கேட்டால் ஒரு வசனம் இருந்தது: "எங்களுக்கு உங்களுடைய கருத்துத்தான் முக்கியம்." நித்திரையிலயும் வரும் அந்த வசனம். சொன்ன ஆள் ஒன்பது வருசமும் முக்கியமில்லாத ஆளாத்தான் இருந்தன்.

ரெக்சாஸில ஒருத்தர். கனடா எண்டு சொன்ன உடனை ஏறி விழுந்தார். "கனடாக்காரிக்கு எங்கட ஜனாதிபதியில என்ன அலுவல்?" வசனத்தைச் சொன்னன். கொஞ்ச நேரம் கத்திப்போட்டு, பேந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். வைத்தியக் காப்புறுதிக் கேள்வி வந்ததும் குரல் இறங்கிட்டுது. "உங்கட ஊரில ஆஸ்பத்திரியில காசு வாங்கிறேல்லையாம், உண்மையோ?" எண்டு கேட்டார். என்ர மனுசன் நெஞ்சு நோ எண்டு போய்ப் பதினொரு மணித்தியாலம் கதிரையில இருந்தவர். ஒரு சதமும் கேக்கேல்லை. ஆளும் மிஞ்சேல்லை. இதை நான் எந்தப் பக்கத்துக்குச் சாட்சியாச் சொல்லுறது? "எங்களுக்கு உங்களுடைய கருத்துத்தான் முக்கியம், சேர்" எண்டன். அந்தாள் பெருமூச்சு விட்டிட்டு, தன்ர மனுசியின்ர மருந்துச் செலவைச் சொன்னார். ஒரு எழுத்து விடாமல் அடிச்சன்.

இரண்டாயிரமாம் ஆண்டுத் தேர்தலில ஆர் வெண்டது எண்டு கிழமைக்கணக்கில ஒருத்தருக்கும் தெரியாமல் இழுபட்டுக்கொண்டு இருந்ததெல்லோ, அப்ப எங்கட மண்டபத்தில கதிரை காணாது. எடுக்கிற சனமெல்லாம் எங்களையே கேட்டுது, "நீ சொல்லு, ஆர் வெண்டது?" எண்டு. பக்கத்து மேசையில வித்யா எண்டு ஒரு சென்னைப் பிள்ளை, புருசன் இஞ்ச யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி. "ஆன்ட்டி, நம்மளே ஒரு ஆளைச் சொல்லி முடிச்சு விட்டுடலாமா? பாவம், தூங்க மாட்டேங்கறாங்க" எண்டு என்ர காதுக்குள்ள சொன்னாள். அடக்கேலாமல் சிரிச்சிட்டன். பத்து நிமிசத்தில மஞ்சள் துண்டு வந்தது: "சிரித்தீர்கள்."

ஜனாதிபதியைப் பற்றி வழமையா ஒரு வரிசை இருக்கும். அவர் உறுதியான தலைவரோ, சொன்னதைச் செய்யிறவரோ, கடைசியா, "உங்களைப் போன்றவர்களின் கஷ்டம் அவருக்குப் புரிகிறதா?" இதை எத்தினை ஆயிரம் தரம் வாசிச்சிருப்பன். வேலை முடிஞ்சு மெற்றோ, பேந்து பஸ், பியர்பொன்ட்ஸில இருக்கிற வீட்டுக்கு ஒண்டரை மணித்தியாலம். பஸ்ஸில யன்னலோட இருக்கேக்க அந்தக் கேள்வி தன்ர பாட்டில ஓடும். வீட்டில நாலு கதிரை, ஒண்டிலதான் நான் இருக்கிறது. மகள் கலியாணம் கட்டி லவாலுக்குப் போயிட்டாள். பேரப்பிள்ளையள் போனில பிரெஞ்சில "சவா", சுகமோ எண்டு கேக்குங்கள், நானும் "சவா" எண்டுவன், அதோட கதை முடிஞ்சுது. பகல் முழுக்க ஐம்பது அறுபது பேரோட கதைச்சிட்டு, வீட்டுக்கு வந்தால் என்னோட கதைக்க ஒரு சீவன் இல்லை. தனிமை எண்டு சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, ஆனால் வேற சொல் இல்லை.

இனித்தான் நான் சொல்லவந்த விசயம்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டுத் தேர்தலுக்கு ஒரு புது முறை வைச்சவை. ஒரே ஆளை மூண்டு தரம் எடுக்கிறது: செப்டெம்பரில ஒருக்கா, ஒக்டோபர் தொடக்கத்தில ஒருக்கா, தேர்தலுக்கு முதல் கிழமை ஒருக்கா. மனம் எப்பிடி மாறுது எண்டு பாக்க. ஆக்கள் பின்னடிக்காமல் இருக்கவேணும் எண்டு, முதல் தரம் கதைச்சவரே மற்ற இரண்டு தரமும் கதைக்கிற மாதிரிக் கொம்பியூட்டரில செய்திருந்தினம்.

அப்பிடி எனக்கு வந்தவதான் ஒஹாயோவில ஒரு சின்ன ஊரில இருந்த மனுசி. பேர் டொரத்தி எண்டு வைச்சுக்கொள்ளுவம். உண்மைப் பேர் சொல்லக்கூடாது, அந்த ஒரு விதியை மட்டும் கடைசிவரை காப்பாத்துறன். அவ இங்கிலிசில கதைச்சதை எங்கட பேச்சில எழுதுறன். என்னை விட நாலைஞ்சு வயது மூப்பு. வீட்டில எத்தினை பேர், ஆற்றை பிறந்தநாள் கடைசியா வந்தது எண்டு கேட்டன். "நான் ஒராள்தான். எல்லாற்றை பிறந்தநாளும் நான்தான் கொண்டாடவேணும்" எண்டா. சிரிக்காமல் நன்றி சொன்னன். பின்னால ஒரு நாய் குலைச்சுக்கொண்டே இருந்தது.

முதல் தரம் அவ ஜனாதிபதியின்ர பக்கம். உறுதியான தலைவர் எண்டா, கஷ்டம் விளங்குற ஆள் எண்டா. குடும்பத்தில ஆராவது ஈராக் போரில இருக்கினமோ எண்ட கேள்விக்கு, மகன் இருக்கிறான், இருபத்திரண்டு வயது, ஒரே பிள்ளை எண்டு சொன்னா. போக முதல் வாசல்படியின்ர உடைஞ்ச பலகையை மாத்திப்போட்டுத்தான் போனவனாம், அம்மா விழுந்திடுவா எண்டு. இது கேள்வியில இல்லை. நான் நாலு எண்ணிப்போட்டு அடுத்ததை வாசிச்சன். இரண்டாம் தரம் கொஞ்சம் இறங்கியிருந்தா. ஆருக்குப் போடுறது எண்டு யோசிக்கிறன் எண்டா.

மூண்டாம் தரம் எடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாய்ச் சத்தம் இல்லை. ஆருக்கு வாக்கு எண்டதுக்குத் தெரியாது எண்டா. திருப்பி வாசிச்சன், தெரியாது. இருபத்திரண்டாம் கேள்வி வந்தது. அதைக் கொம்பியூட்டர் பழைய பதிலை வைச்சுத் தானே எழுதியிருந்தது: "சென்ற முறை, உங்கள் குடும்பத்தில் ஒருவர் ஈராக்கில் பணியாற்றுவதாகச் சொன்னீர்கள். அவர் இன்னும் அங்கே பணியாற்றுகிறாரா?" கீழ ஆம், இல்லை திரும்பிவிட்டார், தெரியாது, சொல்ல விருப்பமில்லை எண்டு நாலு பெட்டி.

அவ சொன்னா, "இரண்டு கிழமைக்கு முதல் செத்துப்போனான்."

திரையைப் பாத்தன். அதுக்குப் பெட்டி இல்லை. கேள்வியை எழுதின ஆக்கள் அதை நினைக்கேல்லை, இல்லாட்டி நினைக்க விரும்பேல்லை. என்ன செய்யிறது எண்டு தெரியாட்டில் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறது எங்கட முறை. தூக்கினன். ஜெரார் வந்து குனிஞ்சு பாத்தார், முகம் மாறிப்போச்சு. எண்டாலும் மெதுவா, "'சொல்ல விருப்பமில்லை' எண்டு போடுங்கோ. இருபத்தி மூண்டை வாசியுங்கோ" எண்டார்.

இருபத்தி மூண்டு இது: "எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஈராக் போர் அதற்காகக் கொடுத்த விலைக்குத் தகுந்ததா, தகுந்ததல்லவா?"

வாசிச்சன். அதே குரலில வாசிச்சன். எப்பிடி வாசிச்சனோ தெரியாது.

நாலு எண்ணினன், எட்டு எண்ணினன். "இதை நீர் என்னட்டைக் கேட்டுத்தான் ஆகவேணுமோ?" எண்டா. "ஓம் மேடம், எழுதியிருக்கிறதை நான் வாசிக்கவேணும்." "உமக்கு ஆராவது இப்பிடிச் செத்திருக்கினமோ?" நான் அந்த வசனத்தைச் சொன்னன், எங்களுக்கு உங்களுடைய கருத்துத்தான் முக்கியம் எண்டு. சொன்ன உடனை எனக்கே அருவருத்துப் போச்சு. எண்டாலும் அவ போனை வைக்கேல்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தவன். பத்தொன்பது வயதில, ஊரில சண்டை நடந்த காலம், ஒரு பின்னேரம் ரியூசனுக்குச் சைக்கிளில போனவன் வரேல்லை. ஆர் கொண்டுபோனது எண்டு இண்டைக்கும் தெரியாது. கனடாவுக்கு வந்த நேரம் ஒரு படிவம் நிரப்பினது, சகோதரங்களின்ர பேருக்கு நேர ஒரு பெட்டி உயிரோடு, மற்றப் பெட்டி இறந்தவர். மொழிபெயர்க்க வந்த ஆள் 'இறந்தவர்' எண்டதில சரி போட வெளிக்கிட்டார். பேனையைப் பறிச்சுப்போட்டன். இரண்டையும் வெறுமையா விட்டன், படிவம் திரும்பி வந்தது. பேந்து என்ர மனுசன்தான் எனக்குத் தெரியாமல் நிரப்பிக் குடுத்தவர். எதில போட்டவர் எண்டு நான் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.

இதெல்லாத்தையும் நான் டொரத்திக்குச் சொல்லிப்போட்டன். ஐந்து வருசம் ஒரு ஓகே சொல்லாமல் இருந்தவள், முழுவதையும் சொன்னன். சைக்கிளின்ர நிறம் உட்படச் சொன்னன். என்ர குரல் உடைஞ்சு போனது எனக்கே கேட்டது. அந்தப் பக்கம் அவவும் அழுதா. கொஞ்ச நேரம் இரண்டு கிழவியள் ஒருத்தரை ஒருத்தர் காணாமல் அழுதுகொண்டிருந்தம். பேந்து அவ மூக்கைச் சீறிப்போட்டு, "சரி. இப்ப நான் சொல்லுறன். எழுதும். ஒரு சொல்லும் விடாதையும்" எண்டா.

அவ நிறுத்தி நிறுத்திச் சொன்னா, நான் அடிச்சன்.

"தகுந்ததோ தகாததோ எண்டு நான் சொல்லமாட்டன். நீங்கள் இரண்டு பெட்டி வைச்சிருக்கிறியள், என்ர பிள்ளை இரண்டிலயும் இல்லை. அவன் போட்ட வாசல்படிப் பலகை இன்னும் ஆடேல்லை. அவனை அனுப்ப முதல் ஒருத்தரும் எனக்குப் போன் எடுத்துக் கேக்கேல்லை. இப்ப மூண்டு தரம் எடுத்திட்டியள். கேக்கிறதெண்டால், பிள்ளையை அனுப்ப முதல் வந்து கேட்டிருக்கவேணும்."

"எழுதினனீரோ?" எண்டு கேட்டா. திருப்பி வாசிச்சுக் காட்டினன். "ஆரும் இதை வாசிப்பினமோ?" எண்டா. "வாசிப்பினம் மேடம். ஒவ்வொரு சொல்லும் போகும்" எண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னன். மிச்சக் கேள்வியளை முடிச்சு, நன்றி சொல்லி வைச்சன். நெஞ்சு லேசாக் கிடந்தது. கனகாலத்துக்குப் பிறகு ஆரோடையோ கதைச்ச மாதிரி இருந்தது.

திரும்பிப் பாத்தால் ஜெரார் பின்னால நிக்கிறார். ஹெட்போன் கழுத்தில கிடக்கு, கையில மஞ்சள் துண்டு இல்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில இருந்தார். அந்த மனுசன் எங்கட மேசையில ஒருநாளும் இருந்ததில்லை.

"மடாம் ராணி, இது செல்லாது. தெரியும்தானே" எண்டார்.

"அவ தன்ர வாயால சொன்னதைத்தான் எழுதினனான். ஒரு எழுத்து மாத்தேல்லை."

"மாத்தேல்லை, நான் கேட்டனான். நீங்கள் செய்தது மனுசத்தனம் இல்லை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் உங்கட தம்பியின்ர கதையைக் கேட்ட பிறகுதான் அவ அந்தப் பதிலைச் சொன்னா. கேக்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பா எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இண்டைக்கு இதை விட்டால், நாளைக்கு ஒராள் தன்ர கட்சியைப் பற்றிக் கதைச்சுப்போட்டு எழுதுவான். அதையும் விடவேணும்."

"திருப்பி எடுத்துக் கேக்கலாமோ?"

"எப்பிடி? அவ உங்களை இனி மறப்பாவோ?"

கெஞ்சினன். அவவுக்குச் சொல்லிப்போட்டன், எழுதுறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன் எண்டு கெஞ்சினன். அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். செல்லாத பேட்டியை அதைச் செய்த ஆளே அழிக்கவேணும், அது எங்கட முறை. பிழை விட்டவர் கையாலதான் அழியவேணும். "நீங்கள் அழியுங்கோ" எண்டன். "ஏலாது, உங்கட பேரில இருக்கு" எண்டார். திரையில கேட்டது, நிச்சயமாக அழிக்கவா? ஆம், இல்லை. அமத்தினன். மூண்டு தரம் கதைச்சதும் சேர்ந்து போச்சு. ஒஹாயோவில அப்பிடி ஒரு மனுசி இருந்ததே இல்லை எண்ட மாதிரி அடுத்த நம்பர் வந்து நிண்டது.

வித்யா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். "விடுங்க ஆன்ட்டி. ஒரே ஒரு இன்டர்வியூ தானே, அவங்க ஒருத்தரால ரிசல்ட் ஒண்ணும் மாறிடாது." அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அவளின்ர கன்னத்தில ஒண்டு குடுக்கலாம் போல இருந்தது.

யோசிச்சுப் பாருங்கோ. நான் ஒரு கல்லு மாதிரி நாலு எண்ணி, எட்டு எண்ணி, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திருந்தால், அவ அதைத்தான் சொல்லியிருப்பாவோ வேற ஏதும் சொல்லியிருப்பாவோ, ஏதோ ஒண்டு கணக்கில ஏறியிருக்கும். நான் இரக்கப்பட்டதாலதான் அவவின்ர வாய் அடைபட்டது. இல்லை, அதையும் நேராச் சொல்லவேணும். இரக்கம் மட்டும் இல்லை. எனக்கும் ஆரிட்டையாவது சொல்லவேணும் போல இருந்தது, பாவம், அகப்பட்டது பிள்ளையைக் குடுத்த அந்த மனுசி. என்னை வேலையால நிப்பாட்டேல்லை. ஜெரார் மேலிடத்துக்குச் சொல்லேல்லை எண்டுதான் நினைக்கிறன். அதுக்குப் பிறகு அவர் என்ர லைனில ஏறினாரோ இல்லையோ தெரியாது, மஞ்சள் துண்டு எனக்கு வரவே இல்லை. அது எனக்கு இன்னும் கூட நோந்தது.

இரண்டாயிரத்து எட்டு வசந்தத்தில மண்டபத்தைப் பூட்டிப்போட்டினம். சனம் வீட்டுப் போனை விட்டுக் கைப்போனுக்குப் போயிட்டுது, தெரியாத நம்பர் எண்டால் எடுக்கிறேல்லை. கேள்வி கேக்க மெசின் வந்திட்டுது, ஒண்டை அமத்து, இரண்டை அமத்து எண்டு. அதுக்கு ஒருநாளும் குரல் உடையாது. ஜெராரும் அதோட ஓய்வு எடுத்தார். கடைசி நாள் எல்லாருக்கும் கை குடுத்தார், எனக்கு மட்டும் ஒரு தோடம்பழம் உரிச்சுத் தந்தார்.

அந்த வருசம் இலையுதிர் காலத்தில திரும்பவும் அமெரிக்கத் தேர்தல். உலகமே வாயைப் பிளந்துகொண்டு பாத்த தேர்தல். எனக்கோ செய்ய வேலை இல்லை. காலமை எழும்பித் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு ரிவியில இலக்கங்களைப் பாத்துக்கொண்டிருப்பன், இதுக்குள்ள எத்தினை டொரத்தி இல்லையோ எண்டு. அவவின்ர நம்பரை நான் ஒருநாளும் எழுதி வைக்கேல்லை, எழுதக்கூடாது. ஆனால் மூண்டு தரம் பாத்த நம்பர் மண்டையை விட்டுப் போகேல்லை. தேர்தலுக்கு முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, குசினிப் போனை எடுத்து அடிச்சன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேப்பம் எண்டுதான் எடுத்தனான்.

"ஹலோ" எண்டா. பழக்கதோசம், "வணக்கம், என்னுடைய பெயர் ராணி, நான்..." எண்டு தொடங்கி, கொம்பனியின்ர பேர் வாற இடத்தில நிண்டுபோனன்.

"கனடாப் பொம்பிளையோ?" எண்டா. பிறகு, நான் ஏன் எடுத்தனான் எண்டும் கேக்காமல், "உம்மட தம்பியைப் பற்றி ஏதாவது தெரியவந்ததோ?" எண்டு கேட்டா.

நாலு வருசம். என்ர மகள் கேக்கேல்லை, அவளுக்கு மாமாவின்ர முகமே தெரியாது. கோயில் சனம் கேக்கேல்லை. ஒருக்கா ரெலிபோனில கேட்ட கதையை அந்த மனுசி இவ்வளவு காலமும் வைச்சிருந்திருக்கிறா. "இல்லை" எண்டு மட்டும் சொன்னன். "ம்" எண்டா. நாய் செத்துப்போச்சு எண்டு சொன்னா. முழங்கால் நோ எண்டா, எனக்கும் அதுதான் எண்டன். சொல்லவேணும், சொல்லவேணும் எண்டு நான் உன்னிக்கொண்டு இருக்கேக்க அவவே தேர்தல் கதைக்கு வந்தா.

"இந்த முறை போறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். போன முறை நான் வாக்குப் போடேல்லை. வாக்குப் போடுற பள்ளிக்கூடம் வரைக்கும் கார் ஓடிக்கொண்டு போனனான். வரிசையில என்ர பொடியனோட படிச்ச பிள்ளையள் நிண்டுதுகள். பாக்கேலாமல் திருப்பிக்கொண்டு வந்திட்டன். பரவாயில்லை, நான் சொல்லவேண்டினதை உமக்குச் சொல்லிப்போட்டன்தானே, அது போயிருக்கும்தானே எண்டு நினைச்சன். நீர் எழுதினனீர்தானே?"

மன்னிப்புக் கேக்க எடுத்த வாய். ஒன்பது வருசம் அந்தப் போனில ஒரு பொய் சொல்லாத வாய்.

"ஓம்" எண்டன். "ஒரு சொல்லும் விடேல்லை."

"அப்ப சரி" எண்டா.

சங்க மலருக்கு எழுதித் தாங்கோ எண்டு அந்தத் தம்பி கேட்ட உடனை நான் ஓம் எண்டதுக்குக் காரணம் இதுதான். டொரத்தியின்ர ஊரில ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, அது எனக்கும் தெரியும். எண்டாலும் அவ சொன்னது எங்கையாவது எழுத்தில இருக்கவேணும்.

இருபத்தி மூண்டாம் கேள்வி. தகுந்தது, தகுந்ததல்ல, இரண்டும் இல்லை. பதில்: கேக்கிறதெண்டால், பிள்ளையை அனுப்ப முதல் வந்து கேட்டிருக்கவேணும்.